அமெரிக்க வக்கீல் நோட்டீஸ்: "பார்வையற்றவர் உங்கள் இணையக் கடையைப் பயன்படுத்த முடியவில்லை." விட்ஜெட் போட்டால் தீருமா?

கூடை நிர்வாகி (கேள்வி)

வணக்கம். அமெரிக்காவில் பதிவு செய்த ஒரு சின்ன நிறுவனத்தின் தளம். ஆன்லைன் விற்பனை மட்டும்தான், தெருவில் கடை கிடையாது. 400 பொருட்கள், விலைக்கு வாங்கிய ரெடிமேட் தீம், அதன் மேல் ஏழெட்டு ப்ளகின். நியூயார்க் வக்கீல் ஒருவரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. அவருடைய கட்சிக்காரர் பார்வையற்றவராம். திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் ஸ்க்ரீன் ரீடரோடு தளத்துக்கு வந்தபோது படங்களுக்கு விளக்கம் இல்லை, சைஸ் தேர்வு செய்ய முடியவில்லை, கூடையைத் திறக்க முடியவில்லை என்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கச் சட்டமான ஏ.டி.ஏ.வையும் நியூயார்க் மாநில, மாநகரச் சட்டங்களையும் மீறியிருக்கிறீர்கள், பேசித் தீர்க்கச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள்.

தெருக்கடையே இல்லாத தளத்துக்கு அந்தச் சட்டம் பொருந்துமா? ஒரே ஒரு வரி ஸ்க்ரிப்ட் சேர்த்தால் போதும், தளம் சட்டப்படி ஆகிவிடும் என்று விட்ஜெட் விற்பவர்கள் சொல்வதை நம்பலாமா? இவருக்கு ஒரு தொகை கொடுத்து முடித்தால் அத்தோடு முடியுமா? சரிசெய்வதென்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

வழக்காடி

முதலில் கையில் இருப்பது என்ன காகிதம் என்று பாருங்கள். வெறும் வக்கீல் கடிதம் என்றால் அதிலுள்ள தேதி அவர் வைத்த கெடு, சட்டம் வைத்ததல்ல. சம்மனும் புகார் மனுவும் சார்வாகியிருந்தால் (முறைப்படி உங்கள் கைக்கு வந்திருந்தால்) கதை வேறு. ஃபெடரல் கோர்ட்டில் சார்வான நாளிலிருந்து 21 நாளுக்குள் பதில் போக வேண்டும். முறைப்படி சார்வு செய்யத் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தால் 60 நாள் கிடைக்கும், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்கு 90. இரண்டும் இல்லாமல் சும்மா இருந்தால் உங்கள் பக்கத்தைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்புதான். இந்த ஏ.டி.ஏ. பிரிவில் கேஸ் போடுவதற்கு முன் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. ஆகவே கடிதம் வந்ததே ஒரு வாய்ப்பு என்று எடுத்துக்கொண்டு, நியூயார்க்கில் வாதாட அனுமதி உள்ள, இந்த வகைக் கேஸ் பார்த்த வக்கீலைப் பிடியுங்கள். கடிதம் எழுதியவருக்கு நீங்களே பதில் போடாதீர்கள். "ஆமாம், எங்களுக்குத் தெரியும், சரிசெய்துகொண்டிருக்கிறோம்" என்ற நல்லெண்ண மெயில் பிறகு கோர்ட்டில் உங்களுக்கு எதிரான எக்ஸிபிட் ஆகிவிடும்.

சட்டம் பொருந்துமா? 1990-இல் வந்த சட்டம். மூன்றாம் பிரிவில் "பொதுமக்கள் வந்துபோகும் இடங்கள்" என்று 12 வகை சொல்லியிருக்கிறது. ஹோட்டல், தியேட்டர், கடை, ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. இணையதளம் என்ற வார்த்தை இல்லை, அந்த வருஷத்தில் இருந்திருக்கவும் முடியாது. அங்கேதான் சர்க்யூட் எனப்படும் வட்டார மேல்முறையீட்டு கோர்ட்டுகள் பிரிகின்றன. 1-ஆவது சர்க்யூட் 1994-லேயே, கட்டடம் இருந்தாக வேண்டும் என்றில்லை என்று சொல்லிவிட்டது. 7-ஆவது சர்க்யூட்டும் அந்தப் பக்கம்தான். 9-ஆவது சர்க்யூட் தளத்துக்கும் ஒரு நிஜக் கடைக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்கிறது; 3-ஆவதும் 6-ஆவதும் அதே கட்சி. நியூயார்க் இருக்கும் 2-ஆவது சர்க்யூட்டில் மாவட்ட நீதிபதிகள் இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறார்கள். அதாவது "எங்களுக்குக் கடையே இல்லை" என்ற வாதம் உங்களுக்கு இருக்கிறது, ஆனால் எந்த நீதிபதி மேஜைக்குப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் அதற்கு மதிப்பு. கலிஃபோர்னியாவில் அந்த வாதத்துக்கு வலு கூடுதல். ஆன்லைனில் மட்டும் நடக்கும் வியாபாரம் ஏ.டி.ஏ.வுக்குள் வராது என்று அங்கே மாநில மேல்முறையீட்டு கோர்ட் 2022-இல் தீர்ப்பளித்தது.

பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் கடிதத்தின் தொனியும் புரியும். ஏ.டி.ஏ. மூன்றாம் பிரிவில் தனிநபர் வாதிக்கு நஷ்டஈடு கிடையாது. "தளத்தைச் சரிசெய்" என்ற உத்தரவும், ஜெயித்தவருடைய வக்கீல் ஃபீஸும்தான். அதனால்தான் கூடவே மாநிலச் சட்டத்தையும் சேர்க்கிறார்கள். கலிஃபோர்னியாவின் உன்ரூ சட்டத்தில் ஒரு மீறலுக்குக் குறைந்தபட்சம் 4,000 டாலர். நியூயார்க் சிவில் உரிமைச் சட்டத்தில் 100 முதல் 500 டாலர். மனித உரிமைச் சட்டங்களின் கீழ் தனியாக நஷ்டஈடு கேட்கலாம். வாதிக்குப் போகும் தொகை சின்னது, இரண்டு பக்க வக்கீல் ஃபீஸ்தான் பெரிய தொகை. கேஸ் நீள நீள அதுவும் ஏறும்.

டோமினோஸ் வழக்கைப் பாருங்கள். தளத்திலும் ஆப்பிலும் ஸ்க்ரீன் ரீடரை வைத்து பீட்சா ஆர்டர் செய்ய முடியவில்லை என்று 2016-இல் போட்ட கேஸ். 2017-இல் மாவட்ட கோர்ட் தள்ளுபடி செய்தது. 2019 ஜனவரியில் 9-ஆவது சர்க்யூட் அதைத் திருப்பிப் போட்டது, அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தலையிட மறுத்தது. 2021-இல் வாதிக்குச் சாதகமாகத் தீர்ப்பு, உன்ரூ சட்டப்படி 4,000 டாலர். 2022-இல் சமரசம். 4,000 டாலர் நஷ்டஈட்டுக்கு ஆறு வருஷ வழக்குச் செலவு.

எதிர்ப்பக்கம் ஓட்டையே இல்லாமல் இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். பெயரையும் கடையையும் மட்டும் மாற்றி அச்சடித்த மாதிரி வந்த புகார்களை 2-ஆவது சர்க்யூட் 2022-இல் (கிஃப்ட் கார்டில் ப்ரெயில் இல்லை என்ற வழக்குகள், ஸ்வரோவ்ஸ்கி முதலானவை) தள்ளியிருக்கிறது. வாதி திரும்ப வந்து வாங்கும் எண்ணம் உள்ளவர் என்று நம்பும்படி விவரம் இருக்க வேண்டும். ஆகவே உங்கள் கடிதத்தில் எந்தத் தேதி, எந்தப் பக்கம், எந்தப் பொருள் என்று இருக்கிறதா என்று பாருங்கள். "சைஸ் தேர்வு செய்ய முடியவில்லை" என்று குறிப்பாக எழுதியிருக்கிறார்கள் என்றால், யாரோ உண்மையாகவே சோதித்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. சரிசெய்யத் தொடங்குவதற்கு முன்னால் இன்றைய தளத்தை அப்படியே பேக்அப் எடுத்து, தேதி போட்டு எடுத்து வையுங்கள், மெயில்களையும் அழிக்காதீர்கள். ஆதாரத்தை அழித்தார்கள் என்ற பேச்சு வந்தால் அது மூலக் கேஸைவிட மோசம். பிறகு தாராளமாகச் சரிசெய்யலாம். பின்னால் செய்த திருத்தத்தைக் காட்டி "அப்போ தப்பு உங்களுடையதுதான்" என்று நிரூபிக்க ஃபெடரல் சாட்சிய விதி 407 இடம் கொடுப்பதில்லை.

டேப்விசை

விட்ஜெட் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். வேண்டாம்.

அந்த ஸ்க்ரிப்ட் உங்கள் பக்கம் லோட் ஆன பிறகு மேலே உட்கார்ந்து ஊகிக்கும் வேலையைச் செய்கிறது. படத்தைப் பார்த்து "மேஜை மீது ஒரு பொருள்" என்று ஆல்ட் (படத்துக்கான மாற்று விளக்கம்) எழுதும். வாங்குபவருக்கு வேண்டியது எந்த மாடல், என்ன நிறம் என்பது. பெயரில்லாத பட்டன் என்ன வேலை செய்யும் என்று அதற்குத் தெரியாது. சைஸ் மாற்றியதும் விலை மாறுகிற மாதிரி, பக்கம் உள்ளுக்குள் மாறும் இடங்களில் பின்தங்கிவிடும். எழுத்தைப் பெரிதாக்கு, கான்ட்ராஸ்டைக் கூட்டு என்று அது தருகிற வசதிகளெல்லாம் வேண்டியவரின் கம்ப்யூட்டரிலும் போனிலும் ஏற்கெனவே உண்டு. பல புகார் மனுக்களில் விட்ஜெட்டையே ஒரு தடையாக எழுதுகிறார்கள். 2021-இல் ஐபாப்ஸ் என்ற மூக்குக்கண்ணாடிக் கடை மீது கேஸ் வந்தபோது அந்தத் தளத்தில் ஆக்செஸிபி விட்ஜெட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2025 ஜனவரியில் ஃபெடரல் டிரேட் கமிஷன் அதே ஆக்செஸிபி நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்றது. எந்தத் தளத்தையும் டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற, மாற்றுத்திறனாளிகளுக்கான இணைய அணுகல் தரத்துக்குக் கொண்டுவந்துவிடும் என்று விளம்பரம் செய்ததற்காக.

எந்தத் தரத்துக்குச் சரிசெய்வது? டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1, ஏஏ நிலை. தனியார் தளங்களுக்கு என்று அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் இன்னும் தொழில்நுட்ப விதி எழுதவில்லை. ஆனால் மாநில, உள்ளாட்சி அரசுத் தளங்களுக்கு 2024-இல் போட்ட விதியில் இதைத்தான் எடுத்துக்கொண்டது, செட்டில்மென்ட்களிலும் இதுதான் பேச்சு. 2023 அக்டோபரில் 2.2 வந்துவிட்டது. புதிதாகச் செய்பவர் 2.2-க்கே செய்துவிடலாம், கூடுதல் வேலை கொஞ்சம்தான்.

இனி கோடு. 400 பொருள் என்று பயப்படாதீர்கள், டெம்ப்ளேட் ஏழெட்டுதான் இருக்கும். வாங்கும் வழி எதுவோ அதை முதலில் எடுங்கள்: தலைப்பட்டை, தேடல், பொருள் பக்கம், கூடை, செக்அவுட், லாகின். வலைப்பதிவும் "எங்களைப் பற்றி"யும் பிறகு.

சைஸ் தேர்வு முடியவில்லை என்றார்களே, அதற்குக் காரணம் அநேகமாக இப்படி இருக்கும். தீம் செய்தவர் ரேடியோ இன்புட்டைத்தான் வைத்திருப்பார், ஆனால் அந்த வட்டம் அழகாக இல்லை என்று 'டிஸ்ப்ளே நன்' கொடுத்து மறைத்துவிட்டு, லேபிளைக் கட்டமாக வரைந்திருப்பார். மவுஸால் தட்டினால் வேலை செய்யும். 'டிஸ்ப்ளே நன்' கொடுத்த இன்புட்டுக்கு டேப் கீ போகாது, ஸ்க்ரீன் ரீடருக்கும் அது இல்லவே இல்லை. சைஸ் தேர்வு செய்யாமல் "கூடையில் சேர்" பட்டன் திறக்காது என்பதால் வாங்குவது அங்கேயே முடிந்துபோகிறது. திருத்தம் ரொம்பச் சின்னது. இன்புட்டை ஒரு பிக்சல் அளவுக்குச் சுருக்கி கிளிப் செய்து மறையுங்கள், அது கண்ணுக்குத்தான் மறையும். ஃபோகஸ் (கீபோர்டு இப்போது நிற்கும் இடம்) அதன் மேல் இருக்கும்போது பக்கத்து லேபிளுக்குத் தடித்த கோடு வரும்படி ஸ்டைல் கொடுங்கள். மொத்தத்தையும் ஃபீல்ட்செட்டுக்குள் வைத்து லெஜண்டில் "சைஸ்" என்று எழுதுங்கள். ஸ்டாக் இல்லாத சைஸை வெறும் சாம்பல் நிறத்தில் காட்டினால் போதாது, இன்புட்டை டிஸேபிள் செய்யுங்கள் அல்லது லேபிளிலேயே "ஸ்டாக் இல்லை" என்று சேருங்கள்.

கூடை ஐகான் பெரும்பாலும் ஒரு டிவ் (வெறும் பெட்டி டேக்), அதற்கு ஒரு கிளிக் ஹேண்ட்லர். உள்ளே எஸ்.வி.ஜி. படம் மட்டும் என்றால் பெயர் எதுவும் இல்லை. இதைப் பட்டன் டேக்காக மாற்றி "கூடை, 2 பொருட்கள்" என்று ஏரியா-லேபிள் (ஸ்க்ரீன் ரீடர் படிக்கும் பெயர்) கொடுங்கள். டிவ்வை வைத்துக்கொண்டே 'இது பட்டன்' என்று சொல்லும் ரோல் மட்டும் சேர்ப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் டேப்இண்டெக்ஸ் 0, என்டர் கீ, ஸ்பேஸ் கீ மூன்றையும் நீங்களே எழுத வேண்டும், ஸ்பேஸை மறந்துவிடுவார்கள். பட்டன் டேக் இதையெல்லாம் இலவசமாகத் தருகிறது.

"கூடையில் சேர்ந்தது" என்ற அறிவிப்பு மூலையில் பச்சையாக வந்து மறைகிறது. காதுக்கு எதுவும் வராது. ரோல் ஸ்டேட்டஸ் உள்ள ஒரு காலிப் பெட்டி பக்கம் லோட் ஆகும்போதே இருக்க வேண்டும், பிறகு அதற்குள் எழுத்தைப் போட வேண்டும். பெட்டியையும் எழுத்தையும் சேர்த்து ஒரே நேரத்தில் நுழைத்தால் பல ஸ்க்ரீன் ரீடர்கள் தவறவிடும். ரோல் சரியாகத்தானே போட்டிருக்கிறோம், ஏன் பேசவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

செக்அவுட்டில் பிளேஸ்ஹோல்டரை லேபிளாக நினைக்கக் கூடாது, ஒவ்வொரு இன்புட்டுக்கும் ஃபார், ஐடி சேர்ந்த லேபிள் வேண்டும். பிழை வந்தால் கட்டத்தைச் சிவப்பாக்குவதோடு நிறுத்தாமல், பிழை வாக்கியத்தை ஏரியா-டிஸ்க்ரைப்ட்பை வழியாக அந்த இன்புட்டோடு இணையுங்கள், ஏரியா-இன்வேலிட் போடுங்கள், முதல் பிழையான கட்டத்துக்கு ஃபோகஸைக் கொண்டுபோங்கள். பணம் கட்டும் பகுதி வேறு கம்பெனியின் ஐஃப்ரேமாக (உங்கள் பக்கத்துக்குள் பதித்த அவர்கள் பக்கமாக) இருக்கும். அதற்கு டைட்டில் கொடுப்பதுவரை உங்கள் கையில் இருக்கிறது. படக் கேப்சா இருந்தால் எடுத்துவிடுங்கள், அதுவே வாசலில் பூட்டு.

நியூஸ்லெட்டர் பாப்-அப் தனித் தலைவலி. திறந்ததும் ஃபோகஸ் உள்ளே போக வேண்டும், எஸ்கேப் கீக்கு மூட வேண்டும், மூடியதும் ஃபோகஸ் இருந்த இடத்துக்கே திரும்ப வேண்டும். டயலாக் டேக்கை ஷோமோடலில் திறந்தால் இதில் பெரும்பகுதி தானாகவே நடக்கும்.

காதுவழி

தினமும் ஸ்க்ரீன் ரீடரோடு இருப்பவர்கள் பார்வையிலிருந்து சோதனை பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆல்ட் "இல்லாதது" வேறு, ஆல்ட் "காலி" வேறு. அலங்காரப் படத்துக்குக் காலி ஆல்ட் கொடுத்தால் ஸ்க்ரீன் ரீடர் அதைத் தாண்டிப் போகும், அதுதான் சரி. ஆல்ட்டே இல்லாத படம் ஒரு லிங்க்குக்குள் தனியாக இருந்தால், ஃபைல் பெயரையோ முகவரியையோ எழுத்தெழுத்தாகப் படிக்கும். ஒரே பக்கத்தில் 24 பொருள் என்றால் 24 தடவை "ஐ எம் ஜி அண்டர்ஸ்கோர்" கேட்க வேண்டும். படத்துக்குக் கீழே பொருளின் பெயரும் அதே லிங்க்கில் இருந்தால் படத்துக்குக் காலி ஆல்ட் போதும், இல்லாவிட்டால் பெயரை இரண்டு முறை சொல்லும். ஆனால் பொருள் பக்கத்தின் பெரிய படத்துக்கு நிஜமான விளக்கம் வேண்டும்: நிறம், கழுத்து அமைப்பு, கைப்பிடி எந்தப் பக்கம், விளிம்பில் என்ன வேலைப்பாடு. விவரப் பத்தியில் இல்லாத எது படத்தில் தெரிகிறதோ அதை எழுதுங்கள்.

சோதிக்க விண்டோஸில் என்.வி.டி.ஏ. என்ற ஸ்க்ரீன் ரீடரை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம். மவுஸைக் கழற்றி வையுங்கள். முகப்பிலிருந்து டேப் கீயால் மட்டும் ஒரு பொருளை எடுத்து, சைஸ் மாற்றி, கூடையில் போட்டு, அளவைக் கூட்டி, முகவரி எழுதி, பணம் கட்டும் கட்டம் வரை போங்கள். எங்கே ஃபோகஸ் காணாமல் போகிறது, எங்கே மாட்டிக்கொள்கிறது என்று பாருங்கள். அடுத்த சுற்றில் எச் கீயால் தலைப்பு தலைப்பாகவும், பி-யால் பட்டன் பட்டனாகவும், எஃப்-ஆல் ஃபார்ம் கட்டம் கட்டமாகவும் போங்கள். இன்சர்ட், எஃப்7 சேர்த்து அழுத்தினால் லிங்க், தலைப்பு, பட்டன் எல்லாம் பட்டியலாக வரும். அதில் "இங்கே கிளிக் செய்க" எட்டு இருந்தாலோ, பெயரே இல்லாத பட்டன் இருந்தாலோ உடனே தெரிந்துவிடும். வேகமாகப் பேசுவது புரியாவிட்டால் டூல்ஸ் மெனுவில் ஸ்பீச் வியூவர் இருக்கிறது, பேசுவதை எழுத்தாகவும் காட்டும்.

பார்வை உள்ளவர்கள் சோதிக்கும்போது கண் திரையைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிடும், பிறகு "எல்லாம் புரிகிறதே" என்பார்கள். இன்சர்ட், கன்ட்ரோல், எஸ்கேப் சேர்த்து அழுத்தினால் திரை கறுப்பாகிவிடும். ஐபோன் வாய்ஸ்ஓவரில் மூன்று விரலால் மூன்று தட்டு. அதன் பிறகு வாங்கிப் பாருங்கள். போனிலும் அவசியம் சோதியுங்கள், மூன்று கோடு மெனு பெரும்பாலும் அங்கேதான் உடைந்திருக்கும்.

ஆக்ஸ், வேவ், லைட்ஹவுஸ் போன்ற தானியங்கிக் கருவிகளை ஓட்டுங்கள், ஆனால் 100 மதிப்பெண்ணை நம்பாதீர்கள். ஆல்ட் இருக்கிறதா என்று கருவி சொல்லும், அந்த ஆல்ட் அந்தப் படத்துக்குப் பொருந்துகிறதா என்று சொல்லாது. முடிந்தால் ஸ்க்ரீன் ரீடரைத் தொழிலாகச் சோதிக்கும் பார்வையற்றவர் ஒருவருக்குக் கூலி கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சந்தைக்காரன்

எல்லாம் சரி, ஆனால் ஒரே வக்கீல், ஒரே வாதி, நூறு கடை மீது கேஸ். ஒரு பொருளும் வாங்கப் போவதில்லை. இதற்குப் பெயர் பணம் பறிப்பு இல்லாமல் என்ன? ஏன் எல்லாரும் தளத்தில் தப்பு தேடிக்கொண்டிருக்கிறீர்கள்?

வழக்காடி

கோபம் நியாயம்தான், ஆனால் கோர்ட்டில் அது வாதம் ஆகாது. இந்தச் சட்டத்தை வீடு வீடாக வந்து பரிசோதிக்கும் இன்ஸ்பெக்டர் யாரும் இல்லை. தனிநபர் கேஸ் போடட்டும், ஜெயித்தால் வக்கீல் ஃபீஸ் கிடைக்கட்டும் என்றுதான் அமெரிக்க காங்கிரஸ் அமைத்து வைத்தது. கும்பலாகக் கேஸ் வருவது அந்த அமைப்பின் விளைவு. "சோதிக்க மட்டும் வந்தவர்" கேஸ் போடலாமா என்ற கேள்வி ஒரு ஹோட்டல் தள வழக்கில் சுப்ரீம் கோர்ட் வரை போயும், 2023 டிசம்பரில் அதற்கு விடை சொல்லாமலே கேஸ் செல்லாததாகிவிட்டது என்று முடித்துவிட்டார்கள். வாதி யோக்கியரா என்பது ஒரு விஷயம், சைஸ் பட்டன் வேலை செய்கிறதா என்பது வேறு விஷயம். முதலாவதில் நீங்கள் தோற்றாலும் இரண்டாவதைச் சரிசெய்திருந்தால் இழப்பு குறையும்.

எல்லாமே மொத்த வியாபாரமும் இல்லை. பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு 2006-இல் டார்கெட் மீது போட்ட வழக்கு, 2008-இல் 60 லட்சம் டாலர் நஷ்டஈட்டு நிதியோடு சமரசமானது. வின்-டிக்ஸி மளிகைக் கடை வழக்கில் 2017-இல் விசாரணை முழுதாக நடந்தே வாதிக்குத் தீர்ப்பு வந்தது. தளத்துக்கு அவர்கள் செலவழித்தது 2015-இல் 20 லட்சம், 2016-இல் 70 லட்சம் டாலர். சரிசெய்ய ஆகும் என்று சொல்லப்பட்டது இரண்டரை லட்சம். நீதிபதி அந்தக் கணக்கையே எடுத்துக் காட்டினார். பிறகு 2021 ஏப்ரலில் 11-ஆவது சர்க்யூட் அந்தத் தீர்ப்பை மாற்றியது. டிசம்பரில் கேஸே காலாவதியாகிவிட்டது என்று தன் தீர்ப்பையும் ரத்து செய்துகொண்டது. இணையத்தில் பாதிப் பேர் ஏப்ரல் தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு "ஜெயித்துவிட்டோம்" என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது செட்டில்மென்ட். ஒருவரோடு முடித்தால் அவரோடு மட்டும்தான் முடிகிறது. ஹூட்டர்ஸ் உணவகம் ஒரு வாதியோடு சமரசம் செய்து தளத்தைச் சரிசெய்வதாக ஒப்புக்கொண்டிருந்த நேரத்திலேயே இன்னொரு பார்வையற்றவர் கேஸ் போட்டார். முந்தைய ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று 11-ஆவது சர்க்யூட் 2018-இல் சொன்னது. பணம் கொடுத்துவிட்டு தளத்தை அப்படியே விட்டால், அடுத்த கடிதத்துக்கு நீங்களே வழி வைத்த மாதிரி.

ஒப்பந்தம் எழுதினால் உங்கள் வக்கீலிடம் இதையெல்லாம் கேளுங்கள். தரம் எது என்று பெயர் சொல்லி எழுத வேண்டும், "முழுமையாக அணுகத்தக்கதாக" என்று பொத்தாம்பொதுவாக இருக்கக் கூடாது. முடிக்கும் காலம் உங்கள் டெவலப்பர் ஒப்புக்கொண்ட காலமாக இருக்க வேண்டும். வேறு கம்பெனியின் ஐஃப்ரேம், வாடிக்கையாளர் போடும் படம் போன்றவற்றுக்கு விலக்கு வேண்டும். முக்கியமாக, எதிர்காலத்தில் ஏதாவது உடைந்தால் முதலில் எழுத்தில் சொல்லி, சரிசெய்ய நாள் கொடுத்து, அதன் பிறகே கோர்ட் என்ற ஷரத்து. அது இல்லாமல் கையெழுத்துப் போட்டால் ஒரு தீம் அப்டேட் போதும், ஒப்பந்த மீறல் ஆகிவிடும்.

செலவில் கொஞ்சம் திரும்பியும் வரும். வருஷ வரவு 10 லட்சம் டாலருக்கு மேல் போகாத அல்லது முழுநேர ஊழியர் 30 பேருக்கு மேல் இல்லாத நிறுவனத்துக்கு, 250 டாலருக்கு மேல் 10,250 டாலர் வரை செய்த தகுதியான அணுகல் செலவில் பாதி, அதாவது அதிகபட்சம் 5,000 டாலர், வரியில் கழிவு. படிவம் 8826. தளத் திருத்தம் அதில் வருமா என்று ஆடிட்டரிடம் பில்லோடு கேளுங்கள். செட்டில்மென்ட் தொகை இதில் சேராது.

கூடை நிர்வாகி

எல்லாருக்கும் நன்றி. டேப்விசை சார் சொன்ன மாதிரியே ரேடியோவுக்கு 'டிஸ்ப்ளே நன்' இருக்கிறது, பார்த்துவிட்டேன். இன்னும் மூன்று சந்தேகம். தீம் அப்டேட் வந்தால் திருத்தம் எல்லாம் போய்விடாதா? ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் அனுப்புகிறோம், அங்கே என்ன நிலைமை? சில பொருட்களின் பெயர் தமிழிலும் இருக்கிறது, அதற்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

எல்லைதாண்டி

ஐரோப்பா: 2019/882 என்ற அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது, ஆன்லைன் விற்பனை அதில் நேரடியாகவே வருகிறது. அங்கே கட்டடம் இருக்கிறதா என்ற சண்டையே இல்லை. சேவை தருவது 10 பேருக்கும் குறைவானவர்கள் உள்ள, வருஷ விற்பனை 20 லட்சம் யூரோவைத் தாண்டாத நிறுவனம் என்றால் விலக்கு. தொழில்நுட்பத் தரம் ஈ.என். 301 549, அதன் இணையப் பகுதி டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 ஏஏ-தான். ஆக ஒரு வேலை, இரண்டு சந்தை.

இந்தியா: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 46-ஆம் பிரிவு தனியார் சேவையையும் பிடிக்கிறது. 89-ஆம் பிரிவில் முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த மீறலுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம். 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில் சுப்ரீம் கோர்ட், அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 15(1)-ஆம் விதியைச் சட்டத்துக்கு முரணானது என்று சொல்லி, கட்டாயமான குறைந்தபட்சத் தரத்தை எழுதச் சொன்னது. 2025 ஏப்ரல் 30-இல் பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் அணுகல் அரசியலமைப்பின் 21-ஆவது ஷரத்தின் வாழ்வுரிமைக்குள் வரும் என்றது. கண் சிமிட்டச் சொல்லும் கே.ஒய்.சி. முறைதான் அந்த வழக்கின் மையம். அமெரிக்கா மாதிரி வக்கீல் ஃபீஸ் விதி அந்தச் சட்டத்தில் இல்லாததால் கடிதங்கள் குவிவதில்லை. புகார் மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் போகும்.

டேப்விசை

தீம் அப்டேட்: மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள், மூலத் தீமின் மேல் தனியாக நிற்கும் சைல்ட் தீமில் செய்யுங்கள். ப்ளகின் உள்ளுக்குள் உடைந்திருந்தால் செய்தவருக்கு டிக்கெட் போட்டு அந்த எண்ணை எடுத்து வையுங்கள். சரிசெய்யாவிட்டால் ப்ளகினை மாற்றுங்கள். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பிறகு ஸ்டேஜிங் தளத்தில் (சோதனைப் பிரதியில்) மேலே காதுவழி சொன்ன டேப் கீ ஓட்டத்தை ஒரு முறை செய்துவிட்டுத்தான் நேரடித் தளத்துக்கு ஏற்ற வேண்டும்.

ஒரு ஷீட் வையுங்கள்: தேதி, பக்க முகவரி, பிரவுசர், ஸ்க்ரீன் ரீடர் பதிப்பு, என்ன பேசியது, என்ன பேசியிருக்க வேண்டும், எந்த விதி எண், யார் சரிசெய்தார், மறுசோதனை தேதி. வக்கீல் கேட்கும்போது இதுதான் கைகொடுக்கும். அணுகல் அறிக்கைப் பக்கத்தில் "100 சதவீதம் இணக்கம்" என்று எழுதாதீர்கள், ஒரு பட்டன் உடைந்தாலும் அது பொய். எந்தத் தரத்தை நோக்கிப் போகிறீர்கள், என்ன குறை தெரியும், எந்த மெயிலுக்கு எழுதலாம் என்று போடுங்கள், அந்த மெயிலை யாராவது தினமும் பார்க்க வேண்டும்.

400 பொருளுக்கும் ஆல்ட் எழுத, பொருள் பட்டியலை சி.எஸ்.வி.யாக இறக்கி, ஆல்ட் நெடுவரிசையை நிரப்பித் திரும்ப ஏற்றுங்கள். அதிகம் விற்பவை முதலில். தமிழ் எழுத்து இருந்தால் ஃபைலை யு.டி.எஃப்-8-இல் சேமியுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் கேள்விக்குறியாகத் திரும்பி வரும்.

காதுவழி

தமிழ்ப் பெயர்கள் பற்றி: பக்கத்தின் மொழியைச் சொல்லும் லாங் 'இ.என்.' (ஆங்கிலம்) என்று இருக்கும்போது நடுவில் தமிழ் வந்தால், ஆங்கிலக் குரல் அதைத் தாண்டிவிடலாம் அல்லது ஏதோ ஒலியாக உளறலாம். அந்தப் பெயரை மட்டும் ஒரு ஸ்பேனுக்குள் வைத்து லாங் 'டி.ஏ.' கொடுங்கள். தமிழ்க் குரல் இருக்கும் ஸ்க்ரீன் ரீடர் அந்த இடத்தில் குரலை மாற்றிக்கொள்ளும், என்.வி.டி.ஏ.வோடு வரும் ஈஸ்பீக்கில் தமிழ் இருக்கிறது. பழைய பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்த பி.டி.எஃப். அளவு அட்டவணை ஏதாவது தளத்தில் கிடந்தால் லாங் கொடுத்தும் பயனில்லை, உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குப்பைதான். யுனிகோடில் மாற்றி, பி.டி.எஃப். வேண்டாம், பக்கத்திலேயே ஒரு டேபிளாகப் போடுங்கள். முதல் வரிசைக்கு, அது தலைப்பு என்று சொல்லும் டி.எச். டேக் கொடுங்கள், அப்போதுதான் "மார்பளவு, 38" என்று சேர்த்துப் படிக்கும்.